வாசலில் சருகு, கிளையில் கொழுந்து: இலையுதிர் மரங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் துடைப்பச் சத்தம் இரண்டு மடங்காகிவிடும். காலையில் கூட்டிய வாசல் பத்து மணிக்கே பழையபடி ஆகிவிடும். அப்போது மரத்தடியில் நின்று அக்கம்பக்கத்தார் என்னிடம் கேட்ட கேள்விகளும், நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவையும்தான் இந்தப் பக்கம். பெரும்பாலும் தமிழ்நாட்டு மரங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

வேப்பமரம் இலை கொட்டுகிறதே, அது இலையுதிர் மரமா? பசுமைமாறா மரம் என்றல்லவா படித்தோம்?

இரண்டு விதமாகவும் எழுதியிருப்பார்கள், இரண்டும் தப்பில்லை. ஈரம் கிடைக்கும் இடத்தில் வேம்பு முழுதாக மொட்டையாவதில்லை. பழைய இலை விழுந்துகொண்டிருக்கும்போதே புது இலை வந்துவிடும். வறண்ட இடத்தில் கொஞ்ச நாள் வெறும் கிளையாக நிற்கும். புங்கன், அரசு இரண்டும் ஏறக்குறைய இதே ரகம்.

மாதக்கணக்கில் மொட்டையாக நிற்பவை வேறு: தேக்கு, இலவம், முள்ளிலவு, ஒதியம், புரசு, வாகை, கிளுவை. காங்கேயம் பக்கம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கும். கோடையில் பார்த்தால் வெறும் முள்குச்சியை நட்டு வைத்ததுபோலத் தெரியும். ஒரு நல்ல மழை பெய்யட்டும், அதே வேலி பச்சைச் சுவராகிவிடும்.

நம் ஊரில் இலையுதிர்காலம் என்று ஒன்று உண்டா?

பெயர் அளவில் இல்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளைப் பிரித்தவர்கள் இலை விழுவதை வைத்து எதற்கும் பெயர் வைக்கவில்லை. 'இலையுதிர்காலம்' என்பது குளிர்நாட்டுப் பருவத்துக்காக நாம் பின்னால் உண்டாக்கிக்கொண்ட சொல். அங்கே அது செப்டம்பரில் தொடங்கும். அந்த மாதங்களில் நம் மரங்கள் மழையில் நனைந்து தழைத்து நிற்கும்.

நம் மரங்கள் உதிர்ப்பது பின்பனியில், அதாவது மாசி, பங்குனியில்தான். தேக்கு போன்றவை தை மாதமே ஆரம்பித்துவிடும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்கிறது. அதற்குப் பிறகு மேல்மண் காய்ந்துகொண்டே போகும். குளிரைப் பார்த்து உதிர்ப்பது அவர்கள் ஊர் மரம், வறட்சியைப் பார்த்து உதிர்ப்பது நம் ஊர் மரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இலை காய்ந்துபோவதால்தானே விழுகிறது?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வேப்பங்கிளை ஒன்றைப் பச்சையாக ஒடித்து மூலையில் போட்டு வையுங்கள். இலை சுருங்கும், மொறுமொறுப்பாகும், ஆனால் பெரும்பாலும் காம்போடு கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நெருப்பில் கருகிய கிளையும் அப்படித்தான். காய்ந்தால் விழும் என்பது உண்மையானால் இவையெல்லாம் முதலில் விழ வேண்டும்.

இலையை விழவைப்பது மரம் செய்யும் வேலை. அதற்கு உயிருள்ள செல்கள் வேண்டும், நாள் கணக்கில் நேரம் வேண்டும். செத்த கிளைக்கு இலையை உதிர்க்கும் சக்தி கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தப் பக்கத்தில் இருக்கும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

வாழையைப் பாருங்கள். அதற்கு இந்த வித்தை தெரியாது. பழுத்த இலை அப்படியே காய்ந்து தண்டைச் சுற்றித் தொங்கும், நாம்தான் அரிவாளால் அறுத்துவிட வேண்டும்.

சரி, காம்பில் அப்படி என்னதான் நடக்கிறது?

இலைக்காம்பு கிளையைத் தொடும் இடத்தில் சின்னச் சின்னச் செல்களாலான மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. இலை பிறக்கும்போதே இதுவும் உருவாகிவிடுகிறது. அதாவது விழ வேண்டிய இடம் எது என்பது கொழுந்திலேயே குறித்தாகிவிட்டது.

இளம் இலை ஆக்சின் என்ற ஹார்மோனைச் செய்து காம்பு வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். 'நான் வேலையில் இருக்கிறேன்' என்று ஆஜர் கொடுப்பதுபோல. அது வந்துகொண்டிருக்கும்வரை அந்த அடுக்கு சும்மா இருக்கும். இலைக்கு வயதாகி, அல்லது தண்ணீர் பற்றாமல், ஆக்சின் வரத்து குறைந்ததும் எத்திலீன் என்ற வாயுவின் கை ஓங்கிவிடும். அந்த அடுக்குச் செல்கள் சில நொதிகளைச் சுரந்து, ஒரு செல்லை இன்னொன்றோடு ஒட்டியிருக்கும் பசையைக் கரைக்கின்றன. கடைசியில் நீர் கொண்டுவந்த நரம்புகள் மட்டும்தான் இலையைப் பிடித்திருக்கும். ஒரு காற்று போதும்.

இலை போன இடத்தைத் திறந்த புண்ணாக மரம் விட்டுவிடுவதில்லை. கிளைப் பக்கம் தக்கை போன்ற படலத்தைக் கட்டி அடைத்துவிடும். முருங்கையிலும் ஈழத்தலரியிலும் அந்தத் தழும்பை நன்றாகப் பார்க்கலாம். தழும்புக்குள் புள்ளி புள்ளியாகத் தெரிவது அறுந்த நரம்புகளின் முனைகள்.

எத்திலீன் வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான். புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பதும் புகையில் அது இருப்பதால்தான் பலிக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் நகரத் தெருக்களில் விளக்குக்கான நிலக்கரி வாயுக் குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் பருவம் இல்லாத நேரத்தில் இலை கொட்டின. வாயுவில் எது அந்த வேலையைச் செய்கிறது என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. 1901-ல் ரஷ்யாவில் திமித்ரி நெல்யுபோவ் பட்டாணி நாற்றுகளை வைத்து ஆராய்ந்து, விளக்கு வாயுவில் செடிகளைப் பாதிக்கும் பொருள் எத்திலீன் என்று சொன்னார்.

விழுவதற்கு முன் மஞ்சளாவது ஏன்?

மரம் இலையைக் காலி செய்கிறது. பச்சையத்தைப் பிரித்து, அதைத் தாங்கியிருந்த புரதங்களையும் உடைத்து, தழைச்சத்தையும் மணிச்சத்தையும் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. சராசரியாகப் பாதி, சில மரங்களில் அதற்கும் மேல், இப்படித் திரும்பிவிடும். சுண்ணாம்புச் சத்தை மட்டும் எடுக்க முடியாது, அது இலையோடு போய்விடும். மஞ்சள் நிறம் புதிதாக வருவதில்லை. அது முன்பே இலையில் இருந்ததுதான், பச்சை மறைத்திருந்தது.

சிவப்பு கதை வேறு. அது பெரும்பாலும் கடைசி நாட்களில் புதிதாகச் செய்யப்படும் நிறமி. நம் ஊரில் அதைப் பார்க்க வேண்டுமானால் நாட்டு வாதாம் மரத்தடிக்குப் போங்கள். பூமருதும் ஓரளவு சிவக்கும். மற்றபடி நம் மரங்கள் மஞ்சளும் பழுப்புமாகவே முடிந்துவிடுகின்றன. புகைப்படம் எடுப்பவர்களுக்கு வருத்தம்தான்.

கனடாவில் இருக்கும் என் மகன் மேப்பிள் மரங்களின் படம் அனுப்புகிறான். ஒரே வாரத்தில் ஊரே சிவக்கிறதே, இங்கே ஏன் மரத்துக்கு மரம் தேதி மாறுகிறது?

அங்கே எல்லா மரமும் ஒரே கடிகாரத்தைப் பார்க்கிறது. டொரன்டோவில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஆறரை மணி நேர வித்தியாசம். சென்னையில் அது சுமார் ஒன்றரை மணி நேரம்தான். பகல் சுருங்குவதும் இரவு குளிர்வதும் அங்கே ஊர் முழுக்க ஒன்றாக நடக்கும். மண்நீர் உறைந்துவிட்டால் வேர் உறிஞ்ச முடியாது, மெல்லிய இலை பனியில் உறைந்து கெடும். அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

இங்கே ஒவ்வொரு மரமும் தன் காலடி ஈரத்தையும் கணக்கில் வைக்கிறது. ஒரே தெருவில் சாக்கடை ஓரத்து அரசு பச்சையாகவும், சிமென்ட் தரைக்கு நடுவே நிற்கும் அரசு மொட்டையாகவும் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நிழல் தேவைப்படும் நேரத்தில்தான் உதிர்க்க வேண்டுமா?

நம் பார்வையில் நியாயமான புகார். மரத்தின் பார்வையில், இலை என்பது உணவு செய்யும் அடுப்பு, அதே நேரம் தண்ணீர் ஒழுகும் ஓட்டை. காற்றை உள்ளே வாங்க இலைத்துளைகளைத் திறந்தால் ஈரம் வெளியே போகும். பெரிய மரம் ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீரை ஆவியாக விடும். மண்ணில் அவ்வளவு இல்லாதபோது துளைகளை மூடிவிட்டுச் சும்மா இருக்கலாம், ஆனால் சும்மா இருக்கும் இலைக்கும் தீனி போட வேண்டும், ஈரக் கசிவும் முழுதாக நிற்காது. ஓட்டைகளையே இல்லாமல் செய்துவிடுவது லாபம்.

இதுதான் எனக்குப் புரியவில்லை. மழை இல்லாமல் உதிர்த்த மரம், மழை வருமுன்பே, அதுவும் பங்குனி வெயிலில் எப்படித் துளிர்க்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன் என்று சொல்லலாம். வருடத்தின் மிகக் கொடிய வெயில் காலத்தில், மண் வெடித்துக் கிடக்கும்போது, அரசும் புங்கனும் வேம்பும் பளபளவென்று கொழுந்து விடுகின்றன. ஆசியப் பருவமழைக் காடுகள் பலவற்றில் இதே புதிர் உண்டு.

முதல் பதில், உதிர்த்ததே தண்ணீரைத் தந்தது என்பது. இலை இருந்தவரை வேர் இழுத்ததெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. செலவு நின்றபின், ஆழத்து வேர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும் நீர் அடிமரத்திலும் கிளையிலும் தேங்குகிறது. மொட்டுகள் விரியும் அளவுக்குச் செல்கள் மீண்டும் ஈரமாகின்றன. இலவம், ஒதியம் போன்ற லேசான கட்டை உள்ள மரங்கள் கட்டையிலேயே நிறைய நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, சரக்கு ஏற்கெனவே தயார். ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் ஒரு மொட்டு இருக்கும், பழைய இலை பச்சையாக இருக்கும்போதே அது உருவாகிவிடும். அதற்குள் குட்டி இலைகள் மடிந்து காத்திருக்கும். விரிவதற்கு வேண்டிய மாவுச்சத்து மழைக்காலத்திலேயே சமைக்கப்பட்டு வேரிலும் கட்டையிலும் சேர்ந்திருக்கிறது. அதனால் துளிர்ப்பது மரத்துக்குச் சேமிப்பை உடைத்துச் செய்யும் செலவு. முதல் சில வாரங்கள் கொழுந்து வரவைவிடச் செலவே அதிகம் வைக்கும்.

மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. பூச்சி. முதுமலையின் வறண்ட இலையுதிர் காட்டில் 1988 முதல் 1990 வரை மரங்கள் எப்போது துளிர்க்கின்றன, பூச்சி எவ்வளவு தின்கிறது என்று கணக்கெடுத்தார்கள். மரங்கள் மழைக்கு முன்பே துளிர்விட்டு உச்சத்தை எட்டிவிட்டன. இலை தின்னும் பூச்சிகள் மழையோடுதான் கிளம்பின. பிந்தித் துளிர்த்த மரங்களுக்குத்தான் சேதம் அதிகம். முந்திக்கொண்டவற்றின் இலை அதற்குள் முற்றிவிட்டது. தவிர, முதல் மழை விழும் நாளில் முழு இலையோடு நிற்கும் மரம் அன்றே சம்பாதிக்கத் தொடங்கிவிடலாம்.

எல்லா மரமும் இப்படி அல்ல. கிளுவை போன்றவை மழையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் துளிர்க்கும்.

கொழுந்து ஏன் செம்பு நிறத்தில் இருக்கிறது?

அரசங்கொழுந்தை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், மெழுகுக் காகிதம் மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கும். இலை முழு அளவுக்கு விரிந்த பிறகுதான் பச்சையம் ஏறும். அதுவரை அந்தச் சிவப்பு நிறமி கடும் வெயிலிலிருந்து இளம் செல்களைக் காக்கிறது. பச்சையம் ஏறாத இலையைப் பூச்சி தின்றாலும் மரத்துக்கு நஷ்டம் குறைவு என்ற விளக்கமும் உண்டு. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று வயதுக்கொரு பெயர் வைத்த மொழி நம்முடையது. சிவப்பிலிருந்து பச்சைக்கு, பச்சையிலிருந்து மஞ்சளுக்கு என்று அந்தப் பெயர்களோடு நிறமும் மாறிக்கொண்டே போகிறது.

இலையே இல்லாமல் பூ மட்டும் பூக்கும் மரங்கள்?

முள்ளிலவு, புரசு, கல்யாண முருங்கை. வெறும் கிளையில் சிவப்புப் பூ இருந்தால் பறவைக்கு எட்டத்திலேயே தெரிந்துவிடும், இலை மறைக்காது. காற்றில் விதை பரப்பும் மரத்துக்கும் மொட்டையாக நிற்பது வசதி. இலவங்காய் வெடிக்கும்போது கிளையில் இலை அடர்ந்திருந்தால் பஞ்சு அதிலேயே சிக்கிக்கொள்ளும். இலவு காத்த கிளிக்கு ஏமாற்றம் தந்தது அந்தக் காய்தான். பழமாகி யாருக்கும் தீனியாவது அதன் திட்டத்திலேயே இல்லை. வாகையில் இலை போனபின் காய்ந்த நெற்றுகள் மட்டும் காற்றில் சலசலக்கும், இரவில் கேட்டால் யாரோ நடப்பதுபோல இருக்கும்.

மா, பலா எல்லாம் இலை உதிர்ப்பதே இல்லையா?

உதிர்க்காத மரமே கிடையாது. மாவிலை ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கும், ஆனால் ஒன்றாக விழாததால் நமக்குத் தெரிவதில்லை. அவற்றின் இலை தடித்தது, செய்ய நிறையச் செலவானது, அதனால் நீண்ட நாள் உழைத்தால்தான் கட்டுபடியாகும். இலையுதிர் மரத்தின் இலை மெல்லியது, மலிவானது, ஒரு பருவத்துக்குள் கடுமையாக வேலை செய்துவிட்டுப் போய்விடும்.

நெல்லியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இலை என்று நாம் நினைக்கும் இறகு போன்ற நீளக் குச்சி உண்மையில் ஒரு சிறு கிளை. நெல்லி அந்தக் கிளையையே உதிர்த்துவிடும்.

மரம் பட்டுப்போய்விட்டதா, இலை உதிர்த்திருக்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பட்டைக்கு அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. நுனிக் குச்சியை வளையுங்கள், வளைந்தால் நல்லது, 'டப்'பென்று ஒடிந்தால் சந்தேகம். ஒரே கிளையை வைத்து முடிவு செய்யாமல் நாலைந்து இடத்தில் பாருங்கள்.

எங்களுக்குப் பின்தெருவில் ஒருவர் புதிதாக வீடு வாங்கி வந்த முதல் கோடையிலேயே, 'பட்ட மரம்' என்று சொல்லி ஒரு பெரிய ஒதியத்தை வெட்டிவிட்டார். வெட்டிய துண்டுகளை மதில் ஓரம் அடுக்கி வைத்திருந்தார். ஆடியில் நாலு தூறல் விழுந்ததும் அந்தத் துண்டுகளே துளிர்த்தன. போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டாலே வேர்விடும் மரம் அது.

மாசியில் உதிர்க்காமல் ஜூன், ஜூலையில் மொட்டையானால்?

தேக்காக இருந்தால் அனேகமாகப் புழுதான். முதல் மழையோடு வரும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழு இளந்தேக்கு இலையை நடுநரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்னும். இன்னொரு வகை இலையை வலைபோல ஆக்கிவிடும். மரம் சாவதில்லை, மறுபடி இலை விடும். ஆனால் அந்த வருடம் பருமன் ஏறுவது குறையும்.

வேம்பில் கிளை நுனிகள் மட்டும் பழுப்பாகி, காய்ந்த இலைகள் விழாமல் தொங்கினால் அது இலையுதிர்வு அல்ல. ஒடித்துப் போட்ட கிளை ஞாபகம் இருக்கிறதா? நுனி செத்துப்போனதால் உதிர்க்க முடியவில்லை. அண்மை ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவலாகப் பார்த்த நுனிக்கருகல் நோய் இப்படித்தான் இருக்கும். காரணம் பூஞ்சை. பெரிய மரங்கள் பெரும்பாலும் அடுத்த துளிர்ப்பில் தேறிவிடுகின்றன. காய்ந்த நுனிகளை வெட்டி அகற்றினால் போதும்.

தண்ணீர் ஊற்றினால் உதிராமல் வைத்திருக்க முடியுமா?

கொஞ்சம் தள்ளிப்போடலாம். இலைக்கென்று ஒரு ஆயுள் இருக்கிறது, அது முடிந்தால் குளத்தங்கரை மரமும் உதிர்க்கும். மொட்டையாக நிற்கும் மரத்தடியில் குடம் குடமாக ஊற்றவும் வேண்டாம், குடிக்க அங்கே இலை இல்லை. நட்டு இரண்டு, மூன்று வருடம் ஆகாத கன்றுக்கு மட்டும் வாரம் ஒருமுறை வேர் நனையும்படி விடுங்கள்.

இவ்வளவு சருகையும் என்ன செய்வது?

கொளுத்தாதீர்கள். மரம் திரும்ப எடுத்ததுபோக மீதித் தழைச்சத்து புகையாகிவிடும், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இழுப்பு வரும். சருகை மரத்தடியிலேயே ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் கரையான் ஏறும். வேப்பஞ்சருகு சீக்கிரம் மக்கிவிடும், தேக்கிலை அடம் பிடிக்கும், அதை மிதித்து நொறுக்கிப் போட வேண்டும். நிழலில் காய்ந்த வேப்பிலையில் ஒரு பிடியைப் பயறு டப்பாவிலும் போடலாம், வண்டு அண்டாது. சண்டை மீன் வளர்க்கும் பையன்கள் தெருவில் இருந்தால் வாதாம் சருகுக்கு வீட்டுக்கே ஆள் வரும். தொட்டித் தண்ணீரில் அதை ஊறப்போடுவார்கள்.